துரை காலத்து வெப்லியும் இன்றைய வெப்லியும்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கங்களில் பழைய சாமான் வியாபாரம் செய்வோருக்குத் தோட்டத்துப் பங்களா என்றாலே ஒரு தனி மதிப்பு உண்டு. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகி வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறிய பிறகு, அவர்கள் விட்டுச் சென்ற தேக்கு மேசை, பித்தளை விளக்கு, சுவர்க்கடிகாரம், பீங்கான் கோப்பை எல்லாம் கைமாறிக் கைமாறிக் கடைவீதிக்கு வந்தன. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோதும், பின்னர் பல பங்களாக்கள் உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகளாக மாறியபோதும் இன்னொரு சுற்று வந்தது. இந்தச் சாமான்களோடு சேர்ந்து ஒரு பேச்சும் வரும். துரையின் இழுப்பறையில் ஒரு ரிவோல்வர் இருந்ததாம், அது வெப்லியாம், இப்போது இலட்சக்கணக்கில் போகுமாம் என்ற பேச்சு.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம் நாட்டில் அது விலை பேசும் சரக்கல்ல. சட்ட விடயத்துக்குக் கீழே வருவோம். ஆனால் வெப்லி என்ற பெயரின் கதை ஒவ்வொரு வியாபாரியும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒரே பெயர்தான். அதன் கீழே அன்று விற்றது வேறு, இன்று விற்பது வேறு. செய்பவரும் வேறு, செய்யும் நாடும் வேறு.

இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் வில்லியம் டேவிஸ் என்பவர் துப்பாக்கி ரவை வார்க்கும் அச்சுகள் செய்து வந்தார். அந்தத் தொழிலை 1834இல் அவருடைய மருமகன் பிலிப் வெப்லி பொறுப்பேற்றார். மாமனாரின் சிறு பட்டறையை மருமகன் பெரிய கம்பனியாக்கிய கதை நம் ஊர்களுக்கும் புதிதல்ல. 1887இல் வெப்லி கம்பனிக்குப் பெரிய வாய்ப்பு வந்தது. பிரித்தானிய இராணுவம் 10,000 ரிவோல்வர்களுக்கு ஓர்டர் கொடுத்தது. ஒன்றின் விலை மூன்று பவுண் ஒரு ஷிலிங் ஒரு பென்ஸ். எட்டு மாதத்துக்குள் குறைந்தது 2,000 ஆவது தந்தாக வேண்டும் என்பது நிபந்தனை. அந்த ஒரு பென்ஸைக் கூட விடாமல் பேரம் பேசியிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அந்த ரிவோல்வரின் சிறப்பு இரண்டு. ஒன்று, வாயின் அளவு. .455 என்று குறிப்பார்கள். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் 455 பங்கு, ஏறக்குறைய பதினொன்றரை மில்லிமீற்றர். சுண்டு விரல் நுனி நுழையும் அளவு. கனமான ஈய ரவை மெதுவாகத்தான் போகும், ஆனால் பட்ட இடத்தில் ஆளை நிறுத்தும் என்பது அக்கால இராணுவத்தின் நம்பிக்கை. இரண்டாவது, திறக்கும் முறை. பெருவிரலால் ஒரு நெம்பை அழுத்தினால் துப்பாக்கி நடுவே மடிந்து குழல் கீழே சாயும். வேட்டைக்காரரின் இரட்டைக்குழல் துவக்கு மடிவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். மடியும்போதே ஆறு வெற்றுக் கோதுகளும் ஒன்றாக வெளியே தள்ளப்படும். ஒவ்வொன்றாகக் குச்சியால் குத்தி எடுக்கும் பழைய ரிவோல்வர்களோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்.

"பழைய வெப்லி" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். பழையதிலும் பழையது, புதியது உண்டு. முதலாம் மாதிரி 1887இல் வந்தது. பின் ஒவ்வொன்றாகத் திருத்தி, ஆறாம் மாதிரி 1915இல், முதல் உலகப் போரின் நடுவே வந்தது. முதலாம் மாதிரியின் பிடி பறவை அலகு போல் வளைந்திருக்கும், குழல் நான்கு அங்குலம். ஆறாம் மாதிரியின் பிடி சதுரமாக, கை நிறையப் பிடிக்கும்படி இருக்கும். குழல் ஆறு அங்குலம், எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். பிடியைப் பார்த்தே எது எது என்று சொல்லிவிடலாம்.

வெளியே தெரியாத வேறுபாடுதான் முக்கியமானது. முதல் மாதிரிகள் கரும்புகை தரும் பழைய வெடிமருந்துக்காகச் செய்யப்பட்டவை. பிறகு புகையில்லா மருந்து வந்தது. அதன் அழுத்தம் வேறு விதமானது. அதைத் தாங்குவதற்காகவே 1913இல் வந்த ஐந்தாம் மாதிரியில் சுழலும் உருளையைச் சற்றுத் தடிப்பாக்கினார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பழைய பொயிலரில் புதிய அழுத்தம் ஏற்றினால் என்னவாகும் என்று தேயிலைத் தொழிற்சாலை மெக்கானிக்கிடம் கேட்டால் அவரே சொல்லிவிடுவார்.

இதே தொல்லை அமெரிக்காவில் வேறு வடிவில் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மீந்துபோன வெப்லிகள் அங்கே மலிவாக விற்பனைக்கு வந்தன. .455 தோட்டா அங்கே கிடைப்பது அரிது. அமெரிக்கரின் .45 தோட்டா தாராளமாகக் கிடைத்தது. ஆகவே இறக்குமதி செய்தவர்கள் உருளையின் பின்பக்கத்தைக் கடைந்து, .45 பொருந்தும்படி செய்து விற்றார்கள். சரக்கு வேகமாக ஓடியது. ஆனால் அந்தத் தோட்டாவின் அழுத்தம் வெப்லி தாங்குமென்று சோதித்த அளவை மீறியது. இன்று சேகரிப்பாளர்கள் ஒரு வெப்லியைக் கையில் எடுத்தால் முதலில் பார்ப்பது உருளை கடையப்பட்டிருக்கிறதா என்பதைத்தான். கடைந்திருந்தால் மதிப்பு குறைந்துவிடும். அன்றைய சில டொலர் இலாபத்துக்காகச் செய்த வேலை இன்றைய விலையைத் தின்றுவிட்டது. பழைய பொருளை "திருத்தி" விற்கும் நம்மவர்களும் இதை நினைத்துக்கொள்ளலாம். மூதாதையர் காலத்துப் பித்தளை விளக்கைப் பொலிஷ் போட்டுப் பளபளப்பாக்கி, அதன் பழைய நிறத்தோடு விலையையும் தேய்த்துக் கழுவிய கடைகள் நம் பக்கத்திலும் இல்லையா?

மலைநாட்டுக்கும் வெப்லிக்கும் உள்ள தொடர்புக்கு வருவோம். தோட்டத் துரைமாருக்கென்று 1900இல் ஒரு படைப்பிரிவு அமைக்கப்பட்டது. இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படை என்று அதைச் சொல்லலாம். அது 1949 வரை இருந்தது. போவர் யுத்தத்துக்காகத் தென்னாபிரிக்காவுக்கும், 1914இல் எகிப்துக்கும் இங்கிருந்து துரைமார் போனார்கள். 1915இல் கலிப்போலியில் துருக்கியருக்கு எதிராக நடந்த போரில் ஜெனரல் பேர்ட்வூட்டின் காவலர்களாகவும் இவர்களில் சிலர் இருந்தனர். பிரித்தானியப் படையில் அதிகாரிகள் தம் கைத்துப்பாக்கியைத் தம் காசிலேயே வாங்கிக்கொள்வது அக்கால வழக்கம். எந்தக் கம்பனியுடையதாகவும் இருக்கலாம், இராணுவத்தின் தோட்டாவைச் சுடக்கூடியதாக இருந்தால் போதும். இராணுவத் தோட்டா .455 என்பதால் வெப்லிக்கே பெரும்பாலும் அதிர்ஷ்டம் அடித்தது. அரச ஓர்டர் ஒரு பக்கம், அதிகாரிகளின் சில்லறை வியாபாரம் மறுபக்கம். அளவுத் திட்டத்தைக் கையில் வைத்திருப்பவனுக்குச் சந்தையும் கையில் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் அந்த அளவை மாற்றும் அதிகாரம் வெப்லியிடம் இருக்கவில்லை. வாடிக்கையாளரான அரசாங்கத்திடம் இருந்தது. வியாபாரிகள் ஊன்றிப் படிக்க வேண்டிய இடம் இதுதான்.

முதல் உலகப் போர் முடிந்தபின் இராணுவம் யோசித்தது. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள, வலுவாக உதைக்கும் பெரிய ரிவோல்வரைப் புதிய சிப்பாய்க்குப் பழக்குவது கடினம். சிறியதாக, .38 அளவில் ஒன்று போதும் என்று முடிவாயிற்று. ஓர்டர் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வெப்லி கம்பனி தன் செலவில் .38 அளவில் ஒரு ரிவோல்வரை வடிவமைத்துக் கொடுத்தது. அரசாங்கம் அதை வாங்கிப் பார்த்தது, சோதித்தது, பிறகு என்பீல்ட் என்ற இடத்திலிருந்த தன் சொந்தத் தொழிற்சாலையில் அதையொத்த ஒன்றைச் செய்யத் தொடங்கிவிட்டது. 1932இல் அந்த என்பீல்ட் ரிவோல்வர் இராணுவத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. வெப்லிக்கு ஓர்டர் இல்லை.

கம்பனி வழக்குப் போட்டது. ஆராய்ச்சிக்கும் வடிவமைப்புக்கும் செலவான 2,250 பவுண் தர வேண்டும் என்று கேட்டது. வடிவமைத்தவர் எங்கள் கப்டன் பொய்ஸ்தான், வெப்லி உதவி மட்டுமே செய்தது என்றது என்பீல்ட் தரப்பு. கோரிக்கை தள்ளுபடியாயிற்று. பிற்பாடு கண்டுபிடிப்பாளர்களுக்கு வெகுமதி வழங்கும் அரச ஆணைக்குழு 1,250 பவுண் கொடுத்தது. நாற்பது வருடத்துக்கு மேலாக அரசாங்கத்துக்கு ரிவோல்வர் கொடுத்துவந்த கம்பனிக்குக் கிடைத்த நட்டஈடு இவ்வளவுதான்.

இதை வாசிக்கும்போது நம்மில் பலருக்கு ஏதாவது ஒரு சம்பவம் நினைவுக்கு வரும். பெரிய நிறுவனம் ஒன்று "மாதிரி கொண்டு வாருங்கள், பார்க்கலாம்" என்று சொல்லும். நாமும் துணியோ பொதியோ பலகாரமோ, நம் செலவில் செய்து கொண்டுபோய்க் கொடுப்போம். மூன்று மாதம் கழித்து அதே பொருள் அவர்கள் பெயரில் சந்தையில் இருக்கும். வெப்லிக்கு வழக்குப் பேச வசதியிருந்தும் கேட்ட தொகையில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைத்தது. எழுத்தில் ஒன்றும் வாங்காமல் மாதிரியைக் கொடுத்துவிட்டு வரும் சிறு வியாபாரியின் கதியைச் சொல்லவா வேண்டும்?

கதை அதோடு முடியவில்லை என்பதுதான் சுவை. இரண்டாம் உலகப் போர் வந்தது. என்பீல்ட் தொழிற்சாலையால் தேவையான அளவுக்குச் செய்து கொடுக்க முடியவில்லை. அரசாங்கம் திரும்பவும் வெப்லியிடமே வந்து, அதன் .38 நான்காம் மாதிரியைப் பெருமளவில் வாங்கியது. ஒரே படையில் என்பீல்ட் .38 உம் வெப்லி .38 உம் அருகருகே இருந்தன. பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும், உள்ளே உள்ள பாகங்கள் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட முடியாதவை. பெரிய .455 ஆறாம் மாதிரி 1947இல் படையிலிருந்து நீக்கப்பட்டது. சிறிய .38 ரிவோல்வர்கள் 1963 வரை நீடித்தன.

பெரிய வெப்லி நம் நாட்டின் வரலாற்றிலும் ஒரு கறுப்புப் பக்கத்தில் இருக்கிறது. 1959 செப்டெம்பர் 25ஆம் திகதி கொழும்பு ரொஸ்மீட் பிளேஸில் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க சுடப்பட்டது .45 வகை வெப்லி ரிவோல்வரால்தான். மறுநாள் அவர் காலமானார். இராணுவம் கைவிட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகும் அந்தப் பழைய இரும்பு வேலை செய்தது. "துருப்பிடித்த பழைய சாமான்தானே" என்று சொல்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

வெப்லியின் பிற்காலம் சோகமானது. 1979இல் கம்பனி துப்பாக்கி உற்பத்தியை நிறுத்திவிட்டு, காற்றழுத்தத்தில் சுடும் எயார் கன்களை மட்டும் செய்துகொண்டிருந்தது. 2005இல் அதுவும் நொடித்தது. பெயரை வேறொருவர் வாங்கினார். உற்பத்தி துருக்கிக்குப் போனது. 1915இல் துருக்கியரை நோக்கி நீண்ட துப்பாக்கியின் பெயர், தொண்ணூறு ஆண்டுகள் கழித்துத் துருக்கித் தொழிலாளியின் கையால் பொறிக்கப்பட்டது. காலத்தின் வேடிக்கை என்பதைத் தவிர வேறென்ன?

அடுத்த திருப்பம் இந்தியாவில். லக்னோவைச் சேர்ந்த ஒரு கம்பனியோடு கூட்டுச் சேர்ந்து, உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டம் சண்டிலாவில் 2020இல் வெப்லி பெயரில் ரிவோல்வர் உற்பத்தி தொடங்கியது. இதுதான் "புதிய வெப்லி". விலை சுமார் ஒன்றரை இலட்சம் இந்திய ரூபாவுக்கு மேல் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. ஆனால் அளவு .455 அல்ல, .38உம் அல்ல. வெறும் .32. ஏன் இப்படி? இந்தியச் சட்டப்படி இராணுவம் பயன்படுத்திய அளவுகளுக்குப் பொதுமக்கள் சாதாரணமாக உரிமம் பெற முடியாது. .38, .455 இரண்டும் அந்தத் தடையில் அகப்படும். ஆகவே பொதுமக்களுக்கு விற்க வேண்டுமானால் .32 வரை இறங்கித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வெப்லி இந்தியாவுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே அதன் நிழல் அங்கே இருந்தது. இந்திய அரசின் கான்பூர் தொழிற்சாலை பல வருடங்களாக விற்றுவந்த .32 ரிவோல்வர், வெப்லியின் நான்காம் மாதிரியை அடியொற்றியது. நடுவே மடியும் அதே முறை. 2014இல் பெண்களுக்கென்று "நிர்பீக்" என்ற பெயரில் அரைக் கிலோ அளவு எடையில் வந்ததும் அதன் வாரிசுதான். பிறகு 2023 ஆகஸ்டில் "பிரபல்" என்ற ரிவோல்வர் வந்தது. அதில் துப்பாக்கி மடியாது, உருளை மட்டும் பக்கவாட்டில் வெளியே வரும். எடை 700 கிராம். ஆக அசல் பெயரோடு வந்த கம்பனி, தன் சொந்தப் பழைய வடிவத்தின் பிரதியோடு போட்டி போட வேண்டியிருந்தது. பெயர் திரும்பி வரும்போது, அந்த இடத்தில் இன்னொருவர் கடை விரித்து உட்கார்ந்திருந்தார்.

பழையதா புதியதா, எது மேல் என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறோம். பார்வைக்கும் கைவேலைக்கும் பழைய .455 மேல். புதியதில் பெரிய வாயும் இல்லை, போர்க்கால முத்திரைகளும் இல்லை. ஆனால் கருவியாகப் பார்த்தால் புதியதே நம்பத்தக்கது. உலோகம் புதியது, பொருத்தமான தோட்டா கடையில் கிடைக்கும், பழுதானால் செய்தவரிடமே போகலாம். பழையது சேகரிப்பவருக்கு, புதியது பயன்படுத்துபவருக்கு. ஒரே பெயர் இருப்பதால் இரண்டையும் ஒரே தராசில் வைப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

இந்தக் குழப்பம் வெப்லிக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் ஸ்மித் அன்ட் வெஸன் கம்பனி 1950களில் வெளியிட்ட .44 மெக்னம் ரிவோல்வரை 1971இல் வந்த "டேர்ட்டி ஹரி" திரைப்படம் உலகப் புகழாக்கியது. 1980களின் தொடக்கத்தில் செலவைக் குறைக்க, குழலை ஊசியடித்து இறுக்கும் பழைய வேலையைக் கம்பனி விட்டுவிட்டது. பிறகு 2001இல் உள்ளே ஒரு பூட்டும் வைத்தது. பொறியியல்படி புதியதில் பெரிய குறை இல்லை என்கிறார்கள். ஆனாலும் பூட்டுக்கான அந்தச் சிறு துவாரத்தைக் கண்டாலே முகம் சுளிக்கும் வாடிக்கையாளர்கள் இன்றும் பலர். கோல்ட் கம்பனியோ பைதன் என்ற தன் புகழ்பெற்ற .357 ரிவோல்வரைக் கைவிட்டுப் பதினைந்து வருடங்கள் கழித்து, 2020இல் பழைய தோற்றத்தை மாற்றாமல் உள்ளே பாகங்களைக் குறைத்து, உலோகத்தைப் பலப்படுத்திக் கொண்டுவந்தது. ஆள் கையால் அராவிப் பொருத்திய வேலையை இயந்திரம் செய்தது. மாற்ற வேண்டியதை உள்ளே மாற்றி, வாடிக்கையாளரின் கண் படும் இடத்தைத் தொடாமல் விட்டது கோல்ட்டின் சாமர்த்தியம். ஸ்மித் அன்ட் வெஸன் செய்தது அதற்கு நேர்மாறு.

போலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாகிஸ்தானின் எல்லைப்புறத்தில் உள்ள தர்ரா ஆதம் கேல் கடைவீதியில் கைப்பட்டறைகளில் எந்தத் துப்பாக்கியையும் பார்த்துச் செய்துவிடுவார்கள். வெப்லியும் அதில் தப்பவில்லை. வேலை நேர்த்தியாகவே இருக்கும். முத்திரையில்தான் குட்டு வெளிப்படும். ஆங்கில எழுத்து தெரியாதவர் செதுக்கியதால் எழுத்துக்கூட்டல் பிழைத்திருக்கும், சில எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருக்கும். உலோகம் என்ன தரம் என்பதை யாரும் சொல்ல முடியாது.

இனி நம் கடைவீதிக்கு வருவோம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம் இன்றும் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். விற்பதற்கும் திருத்துவதற்கும் தனி உரிமம் வேண்டும். 1996இல் செய்யப்பட்ட திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. உரிமம் ஆளுக்குரியது, ஆயுதத்தோடு சேர்ந்து கைமாறுவதல்ல. துரைக்கு 1950இல் உரிமம் இருந்தது என்பதால் இன்று அதை வைத்திருப்பவருக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. "வாப்பா காலத்தில் வாங்கியது" என்ற பேச்சும் அங்கே எடுபடாது.

உரிமத்தோடு தற்காப்புக்கு வைத்திருப்பவர்கள் கூட எப்போதும் தம் கையில்தான் இருக்கும் என்று எண்ண முடியாது. மாணிக்கக்கல் வியாபாரிகள், பெருந்தொகைப் பணம் கொண்டுபோவோர் சிலர் இவ்வாறு வைத்திருப்பதை அறிவோம். 2024இல் பாதுகாப்பு அமைச்சு, தற்காப்புக்கென உரிமம் வழங்கிய துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் நவம்பர் 7ஆம் திகதிக்கு முன் தற்காலிகமாக ஒப்படைக்கும்படி அறிவித்தது. தேவை உண்மையானதா என்று ஒவ்வொன்றாக மீளாய்வு செய்வதே நோக்கம் என்றும் சொன்னது.

பங்களாச் சாமானை மொத்தமாக விலை பேசி எடுப்பவர்கள் லொறியில் ஏற்றுமுன் ஒவ்வொரு இழுப்பறையையும் பெட்டியையும் விற்பவர் முன்னிலையிலேயே திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். பழைய இரும்பை நிறுத்து வாங்குவோர் மூட்டையை அவிழ்க்காமல் வாங்க வேண்டாம். தோல் உறையோ, தோட்டாக்கள் கிடக்கும் தகரப் பெட்டியோ கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கையில் எடுத்துத் திறந்து பார்ப்பதும் விசையை இழுத்துப் பார்ப்பதும் கூடாது. நூறு வருடத் தோட்டாவும் வெடிக்கும். பொருள் இருந்த இடத்திலேயே இருக்க, விற்பவரையும் கூட வைத்துக்கொண்டு அப்பகுதிப் பொலிஸ் நிலையத்துக்கு அறிவியுங்கள். அறிவித்த திகதியையும் நேரத்தையும் முறைப்பாட்டுப் பதிவின் இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வெறும் தோல் உறை மட்டும் இருந்தால், அதைத் தாராளமாக வாங்கலாம், விற்கலாம். உறையின் உட்புறத்தில் செய்தவரின் பெயரும் வருடமும் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 1915 முதல் 1918 வரையான வருடம் தெளிவாக இருந்தால் விலையைக் கொஞ்சம் நிமிர்ந்தே சொல்லலாம்.